கூத்துமாடத்தில் கம்பன்

கோயம்புத்தூரை விட்டு மேற்கே செல்லும் இரயில்வண்டி வாளையாற்றைக் கடந்ததும், இருபுறமும் மலைகள் விலகி நின்று வழி விடுகின்றன. மங்களூருக்கும் அதற்கு அப்பாலும் பிழைப்பின் பொருட்டுச் செல்லும் தமிழ் அன்பர்கள் இவ்வழியைப் பன்முறை கண்டிருப்பர். பாலக்காடு கழிந்தபின் ஒற்றப்பாலமும் ஷொர்ணூரும் வருகின்றன. பாரதப்புழை உடன் ஓடிவருகின்றது. தென்னைகளுக்கிடையே ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. இனி நாம் கேட்கப்போவது மலையாளம் என்று எண்ணிக் கொண்டு பலர் கண்ணயர்ந்து விடுவர். ஆயினும் தை மாதம் முதல் வைகாசி வரையில் அவ்வழியிலுள்ள பகவதி கோயில்களுள் ஏதேனும் ஒன்றில், நள்ளிரவில், கம்பனுடைய விருத்தங்களை ஒருவர் உரக்கப் பாடிக்கொண்டிருக்கக்கூடும். பாடுபவருக்குத் தாய்மொழி மலையாளம். கேட்பவருக்கும் அதுவே. பாட்டு மட்டும் தமிழ்.

இக்கலைக்குத் தோல்பாவைக்கூத்து என்பது பெயர். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் ஆகிய மாவட்டங்களில், பெரும்பாலும் பாரதப்புழையை ஒட்டிய ஊர்களில், பத்திரகாளி கோயில்களின் திருவிழாவில் இது நடைபெறுகின்றது. தோலால் ஆகிய பாவைகளைத் திரைக்குப் பின்னே நிறுத்தி, விளக்கொளியால் நிழல் வீழ்த்தி, இராமகாதையை இரவு இரவாகச் சொல்லி முடிப்பர். 7, 14, 21, 41, 71 என்று இரவுகளின் எண்ணிக்கை கோயிலுக்குக் கோயில் மாறும். இருபத்தோர் இரவுக் கூத்து பஞ்சவடியில் தொடங்கித் திருமுடிசூட்டில் முடியும் என்பது பெருவழக்கு.

இக்காலத்தில் ஒரு கதையை எழுத்திலும் அரங்கிலும் திரையிலும் கணிப்பொறியிலும் ஒருங்கே வளர்ப்பதற்கென்று கூட்டுப் பயிலகங்கள் ஏற்பட்டிருக்கின்றன. எழுத்தாளர், ஓவியர், இசைவாணர், பொறியாளர் ஆகியோர் ஒரு கூரையின் கீழ்ச் சில வாரங்கள் தங்கி, ஒருவர் முயற்சியை மற்றவர் திருத்தி உழைப்பர். அமெரிக்காவில் சண்டான்ஸ் என்னும் திரைக்கலை நிறுவனம் இத்தகைய பயிலகங்களை நடத்தி வந்திருக்கிறது. புதுமைதான். ஆனால், ஏட்டில் இருந்த ஒரு பாட்டைக் குரலாகவும் உருவமாகவும் நிழலாகவும் உரையாடலாகவும் பலர் கூடி மாற்றியமைக்கும் தொழிற்சாலை ஒன்று பாலக்காட்டுப் பக்கத்தில் பல தலைமுறைகளாக நடந்து வருகின்றது என்பதை அறிந்தால், அப்புதுமையின் வியப்புச் சற்றுக் குறையும். அந்தத் தொழிற்சாலைக்குக் கூத்துமாடம் என்று பெயர்.

கூத்துமாடம் கோயிலுக்கு எதிரே, தேவியின் பார்வை படும் திசையில் கட்டப்பட்ட நிலையான கட்டடம். அது ஏன் அவ்வாறு கட்டப்பட்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. இராமன் இராவணனோடு பொருத காலத்தில் பத்திரகாளி தாரிகாசுரனோடு பொருதுகொண்டிருந்தாளாம். தன் போர் முடிந்து வந்தபின், இராவணவதத்தைத் தான் காணவில்லையே என்று வருந்தினாளாம். அவள் காணும்படி ஆண்டுதோறும் அதனை நடித்துக் காட்டுமாறு சிவபெருமான் பணித்தார் என்பர். ஆகவே இக்கூத்தைக் காணவேண்டிய முதல் அவையினர் தேவியே. மக்கள் வந்தால் வரலாம், வராவிடினும் கூத்து நில்லாது. இந்த ஓர் ஏற்பாடு கலையின் தன்மையையே எவ்வளவு மாற்றிவிட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாடத்தின் நீளம் 42 அடி என்பது மரபு. முன்புறத்தில் ஆயப்புடவை என்னும் திரை கட்டப்படும். அதன் மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. கறுப்புப் பகுதி பாதாளத்தைக் குறிக்கும் என்பர். திரைக்குப் பின்னே நீண்டதொரு மரச்சட்டத்தின்மேல், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்துத் திரியிட்ட 21 விளக்குகள் வரிசையாக எரியும். கோயிலினின்று கொண்டுவந்த சுடரால் அவை ஏற்றப்படுகின்றன. மின்விளக்கின் ஒளி அசையாதது. எண்ணெய்ச் சுடரோ மூச்சுக் காற்றுக்கும் நடுங்குவது. அந்த நடுக்கத்தினால், அசையாது நிற்கும் பாவைகூட உயிர்ப்பதுபோல் தோன்றும்.

பாவை செய்வதற்கு முன்னாளில் மான்தோலைப் பயன்படுத்தினர். இந்நாளில் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் பயன்படுகின்றன. தோலை இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்தி, மயிர் நீக்கி, அதன்மேல் உருவத்தை வரைந்து வெட்டி எடுப்பர். பிறகுதான் நுண்ணிய வேலை தொடங்கும். பல அளவுள்ள சிற்றுளிகளால் புள்ளியும் கோடும் பூவுமாகத் துளையிடுவர். ஒளி அத்துளைகளின் வழியே வருமாதலால், அணிகலனும் ஆடை மடிப்பும் கண்ணும் இருளினிடையே ஒளிக்கோலமாகத் தெரியும். நிற்கும் இராமன், அமர்ந்த இராமன், நடக்கும் இராமன், போர் புரியும் இராமன் என்று ஒரே பாத்திரத்துக்குப் பல பாவைகள் வேண்டும். 71 பாத்திரங்களுக்கு ஏறத்தாழ 160 பாவைகள் என்று கணக்குக் கூறுவர். மூங்கிற் பிளவொன்று பாவையைத் தாங்கும். பெரும்பாலானவற்றுக்கு ஒரு கை மட்டுமே அசையும். அந்த ஒரு கையைக் கொண்டே சினமும் இரக்கமும் வினாவும் விடையும் காட்டப்படுகின்றன.

இங்குத் தமிழ்நாட்டுத் தோற்பாவை நிழற்கூத்தை நினைவுகூர்தல் தகும். கன்னியாகுமரிப் பக்கத்திலும் மதுரைப் பக்கத்திலும் அதனை நடத்திவந்தோர் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தினர். அங்கே தோல் மெல்லியதாய், ஒளி ஊடுருவுவதாய், வண்ணம் தீட்டப்பட்டதாய் இருக்கும். ஊர் ஊராகச் சென்று கொட்டகையிட்டு ஆடுவர். நகைச்சுவைக்கு அங்கே இடம் மிகுதி. பாலக்காட்டில் பாவை கறுத்த நிழல், அரங்கு நிலையான கட்டடம், நடை புலமை சான்றது. இரண்டு இடங்களிலும் தமிழ்க் கதையைச் சொல்லும் நாக்கு வீட்டில் வேறொரு மொழி பேசுவது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க ஒற்றுமை.

இனி மாடத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். செண்டை, எழுபறை, இலத்தாளம், சேங்கிலை, சங்கு முதலியன முழங்கக் கூத்துத் தொடங்கும். விநாயகர் பாவை முதலில் திரையேறும். பட்டர் பாவைகள் என்னும் அந்தணப் பாவைகள் வந்து இறைவணக்கம் கூறிக் கதையைத் தொடங்கிவைக்கும். அன்றைய கூத்துக்குப் பொருளுதவி செய்தவர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் குடும்பம் நோயின்றி வாழவேண்டும் என்று வாழ்த்துவதும் உண்டு. மகவு வேண்டியும் பிணி நீங்க வேண்டியும் சிறு தொகை கட்டிப் பெயர் பதிவோர் பலர். காவியத்தின் நடுவே ஒரு கிராமத்து வீட்டின் கவலையும் இவ்வாறு இடம்பெற்று விடுகின்றது.

பின்னர் ஒரு புலவர் கம்பன் பாட்டொன்றைப் பாடுவார். இக்கலைஞர்களைப் புலவர் என்றே அழைப்பர். வெறும் மரியாதைச் சொல்லாக அல்ல, கற்றுத் தேறியதற்கான பட்டமாகவே அது வழங்கி வருகின்றது. பாடியபின் அதற்கு உரை சொல்லத் தொடங்குவார். உரையின் மொழி தமிழும் மலையாளமும் வடசொல்லும் விரவியது. சொற்பொருள் கூறி, இலக்கணம் காட்டி, அதிலிருந்து ஒரு புராணக் கதைக்குத் தாவி, அங்கிருந்து ஒரு தத்துவ விளக்கத்துக்குப் போய், மீண்டும் பாட்டுக்கு வந்து சேர இருபது நிமிடங்கள் ஆனாலும் ஆகலாம். அதுவரையில் பாவைகள் திரையில் குத்தப்பட்ட முட்களின் பிடியில் அசையாமல் நிற்கும். எதிரே அமர்ந்த மற்றொரு புலவர், முதலாமவர் ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் நீண்டதொரு குரல் கொடுத்துத் தாங்குவார். பிறகு மறு பாத்திரமாக நின்று விடை சொல்வார். சிலவேளை மடக்கியும் கேட்பார்.

கூட்டுப் படைப்பு என்பது இதுவன்றோ? மனப்பாடம் செய்த ஒரு நூல் இருவருக்கும் பொது. அதற்கு ஆடல்பற்று என்று பெயர். அது ஏடுகளில் எழுதப்பட்டு ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கு வந்தது. தமிழ் எழுத்து அறியாதோர் செய்யுட்களை மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டே கற்றனர். ஆனால் அன்றிரவு எந்தக் கேள்வி எழும், எந்தக் கிளைக்கதை நுழையும், வாலியின் பக்கத்து நியாயத்தை யார் எவ்வளவு வன்மையாக எடுத்துரைப்பார் என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை அல்ல. ஒருவர் அறிவை மற்றவர் சோதிக்கும் களமாக அது அமைகின்றது. சாவகத்தின் வயாங் நிழற்கூத்தில் தலங் என்னும் ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கிறார். 2003-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் சிறப்பைப் பெற்ற அந்தக் கலை தனிமனிதப் பேராற்றலின் கலை. பாலக்காட்டுக் கூத்து இருவர், மூவர், ஐவர் கூடி நெய்யும் கலை.

எதிரில் கேட்போர் யார்? பெரும்பாலான இரவுகளில் எவரும் இலர் என்பதே விடை. மாலையில் கோயிலுக்கு வந்தோர் சற்று நேரம் நின்று பார்ப்பர். நள்ளிரவுக்குமேல் மணற்பரப்பில் நாலைந்து பேர் துண்டை விரித்து உறங்கிக்கொண்டிருப்பர். அமெரிக்க அறிஞர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் இக்கூத்தை நெடுநாள் உடனிருந்து ஆராய்ந்து, 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கருத்தை ஈர்த்தது இந்த வெறுமையே. அவை இல்லாத இடத்தில் புலவர்கள் ஒருவருக்கொருவர் அவையாகின்றனர் என்று அவர் கண்டார். கைதட்டலுக்காகச் சுருக்கவேண்டியதில்லை, கூட்டம் கலையுமே என்று அஞ்சவேண்டியதில்லை. ஆகவே உரை ஆழ்ந்து கொண்டே போகின்றது. தேவி கேட்கிறாள் என்ற நம்பிக்கை ஒரு புறம், எதிரே இருக்கும் புலவன் பிழை பிடிப்பான் என்ற அச்சம் ஒரு புறம். கலைக்கு இவ்விரண்டைவிடச் சிறந்த காவல் வேறு உளதோ என்று ஐயுறுகிறேன்.

இவர்கள் கம்பனை அப்படியே ஒப்பிக்கின்றனர் என்று கொள்ளுதல் கூடாது. காவியம் முழுவதும் பாடப்படுவதில்லை. தெரிந்தெடுத்த செய்யுட்களே இடம்பெறுகின்றன. கம்பன் பாடாதனவும் நுழைந்திருக்கின்றன. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் கதை அவற்றுள் ஒன்று. கானகத்தில் தவம் புரிந்துகொண்டிருந்த அவனை, அவன் இருப்பதை அறியாமலே இலக்குவன் கொன்றுவிடுகிறான். கம்பனில் சூர்ப்பணகை காமத்தால் வருகிறாள். கூத்துமாடத்தில் அவளுக்கு ஒரு தாயின் துயரமும் இருக்கிறது. சமண இராமாயணமாகிய பௌமசரியத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. எவ்வழியாக அது இங்கு வந்ததாயினும், இந்த ஒரு சேர்க்கையால் பஞ்சவடிப் பகுதி முழுவதன் நிறமும் மாறிவிடுகின்றது. குற்றமற்ற வீரர், குற்றமே உருவான அரக்கி என்ற பிரிவு தளர்ந்து, இருபக்கமும் இழப்புடைய மனிதராகக் காணப்படுகின்றனர். காவியத்தை ஏட்டிலிருந்து நிழலுக்கு மாற்றியவர்கள் வெறும் படியெடுப்போர் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழ்ப் பாட்டு மலையாள நாட்டில் எப்படி நிலைத்தது? பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுத்தச்சன் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டை மலையாளத்தில் பாடிவிட்டார். கர்க்கடக மாதத்தில் வீடுதோறும் அது ஓதப்படுகின்றது. எழுத்தச்சன் இறுதிக் காலத்தில் வாழ்ந்ததாகக் கூறப்படும் குருமடமும் இதே பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூரில்தான் இருக்கிறது. அவ்வளவு சிறந்த தாய்மொழிக் காவியம் கையில் இருந்தும் கூத்துமாடம் கம்பனைக் கைவிடவில்லை. மலைக்கணவாய் வழியே நெசவாளரும் வணிகரும் வந்து குடியேறியதும், அக்குடிகளிலிருந்து கூத்தர் பலர் தோன்றியதும் ஒரு காரணம். சின்னத்தம்பிப் புலவர் என்பவர், காவியம் ஓதப்பட்ட அவைக்குள் தம்மைப் போன்றோர் விடப்படாமையால் மனம் நொந்து, எல்லோரும் கேட்கும்படி வெளியரங்கில் இக்கூத்தை அமைத்தார் என்று புலவர் குடும்பங்கள் சொல்லிவருகின்றன. வரலாறாயினும் கதையாயினும், அவர்கள் தம் கலையை எப்படி நினைக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

பாலக்காட்டுப் பகுதி 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாய் இருந்தது என்பதையும் மறத்தற்கில்லை. எல்லைக்கோடு பின்னர் வந்தது. தெற்கே இடுக்கி மலையில், தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் குன்றுக்கு இராமக்கல்மேடு என்று பெயர். இராமன் காலடி பட்ட இடம் என்பர் அங்குள்ளோர். தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் நம்மவரும் மலையாளிகளும் அப்பெயரை ஒரே ஒலியில் சொல்கின்றனர். கதைக்குப் பாறையும் ஓர் ஏடு போலும்.

இவ்வளவும் பழங்காலத்துப் பெருமை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. நிலச்சீர்திருத்தத்தின்பின் கோயில்களையும் கூத்தையும் தாங்கிய பெருநிலக் குடும்பங்களின் வருவாய் குன்றியது. இருபத்தோர் இரவு நடந்த கூத்து சில இடங்களில் ஏழாகவும் ஒன்றாகவும் சுருங்கியது. ஷொர்ணூருக்கு அருகிலுள்ள கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர், இக்கலை கோயில் மதிலுக்குள்ளேயே இருந்தால் அழிந்துபடும் என்று உணர்ந்து, வெளி மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அதனைக் கொண்டு சென்றார். சங்கீத நாடக அகாதமி 1980-இல் அவரைச் சிறப்பித்தது. அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் மேலும் ஓரடி எடுத்து வைத்தார். காந்தியடிகள் வரலாறு, பஞ்சதந்திரக் கதைகள் முதலியவற்றுக்குப் புதிய பாவைகள் வெட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். 2021-இல் அவருக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. அதே குடும்பத்து ரஜிதா அண்மை ஆண்டுகளில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவொன்றை அமைத்திருக்கிறார். கூத்துமாடத்துக்குள் பெண்கள் ஏறாத மரபில் இது சிறிய மாற்றம் அன்று.

2021-ஆம் ஆண்டில் மற்றொரு புதுமையும் நிகழ்ந்தது. திருச்சூரைச் சேர்ந்த இன்கர் ரோபாட்டிக்ஸ் என்னும் தொழிலகத்தின் பொறியாளர் புலவர் குடும்பத்தாரோடு கூடி, பாவைகளை இயந்திரம் ஆட்டும்படி அமைத்தனர். கலைஞரின் விரலும் மணிக்கட்டும் எவ்வாறு அசைகின்றன என்று கூர்ந்து பார்த்து, அவ்வசைவுகளைக் கணிப்பொறியில் எழுதி, மின்விசைப் பொறிகளால் நிகழச் செய்தனர். பாலக்காட்டிலுள்ள மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்கென்று அது செய்யப்பட்டது. காண வருவோர் பொத்தானை அழுத்தினாற்போல் எந்நேரமும் பாவை ஆடும். கலைஞர் பின்னே நிற்கவேண்டியதில்லை.

இதனைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பர். நான் அவர்களோடு சேரேன். பகற்பொழுதில் அருங்காட்சியகத்துக்கு வரும் சிறுவனுக்கு இருபத்தோர் இரவு விழித்திருக்க இயலுமா? இயந்திரம் ஆட்டும் நிழலைக் கண்டு அவன் கூத்தைத் தேடிப் போனால் நன்மையே. ஆயினும் இந்த முயற்சியில் எது இயந்திரத்துக்கு மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். கையின் அசைவு மாறியது. அதுவோ இக்கலையில் மிகச் சிறு பகுதி. போர்க்களக் காட்சிகள் நீங்கலாகப் பாவைகள் பெரும்பாலும் அசைவதே இல்லை என்று முன்னர்க் கூறினேன். எதிரே இருப்பவர் எறியும் கேள்வியும், அதற்குப் புலவர் தம் நினைவிலிருந்து எடுத்துவீசும் விடையும் அங்கு இல்லை.

உண்மையான இடர் இயந்திரத்தினால் அன்று, ஒரு மணி நேரத்தினால் வருகின்றது. நகர மேடைக்கும் விழாவுக்கும் அழைப்போர் ஒரு மணிக்குள் இராமாயணம் முடியவேண்டும் என்கின்றனர். அது தவறென்று சொல்வதற்கில்லை. கலைஞர் குடும்பத்துக்கு அந்த வருவாய் வேண்டியதே. ஆனால் சுருக்கும்போது முதலில் விழுவது உரை. அடுத்து விழுவன செய்யுட்கள். போர், மாரீச மான், அனுமன் தாவல் ஆகிய அசைவுக் காட்சிகளே எஞ்சும். கற்கவரும் இளைஞனும் இதைப் பார்க்கிறான். பாவை வெட்டவும் ஆட்டவும் சில ஆண்டுகளில் தேர்ந்துவிடலாம். செய்யுட்களை மனத்தில் ஏற்றி, அவற்றுக்கு இரவு முழுவதும் உரை சொல்லவோ நெடுங்காலம் பயில வேண்டும். மேடை கேளாத ஒன்றை அவன் எதற்காகக் கற்பான்? ஆகவே பாவைகள் பெருகும்போதே பாட்டு மெலியக்கூடும். மெலிந்தால் இழப்பு மலையாள நாட்டுக்கு ஒரு பங்கு, தமிழுக்கு ஒரு பங்கு. கம்பனுக்கு எழுதப்படாத உரையொன்று அந்த மாடங்களில் உலவுகின்றது. நம் பதிப்பாசிரியர்கள் அதனை அதிகம் பொருட்படுத்தியதில்லை.

அதனை ஒலிப்பதிவு செய்தால் போதுமே என்று கேட்கலாம். செய்தல் நன்றே. வானொலிக்காரன் வாயில் இது தொழிற்பற்றாகவும் தோன்றலாம். எனினும் இக்கூத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத்தக்க பகுதியே பெரிது. ஆனால் பதிந்த உரை ஓரிரவின் உரைதான். மறுநாள் வேறு புலவர் எதிரே அமர்ந்தால் அது வேறாகும். இரண்டு பேர் கற்றவராய் இருக்கும் வரையில்தான் அந்த உரை வளரும். ஒருவர் மட்டும் எஞ்சினால், அவர் எவ்வளவு வல்லவராயினும், ஆடல்பற்றை ஒப்பிப்பவராகவே நின்றுவிடுவார்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை இந்தியிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துக்கொண்டு பாடுவதைக் கண்டு பெற்றோர் நாணுவதுண்டு. மலையாள எழுத்தில் கம்பனைப் பயின்ற இப்புலவர்களை அவர்கள் ஒருமுறை காணலாம். அவர்கள் ழகரத்தில் குறை காண நம்மால் இயலாது, அது அவர்கள் மொழியிலும் உண்டு. சில சொற்கள் மட்டும் மலையாளச் சாயலில் திரிந்து ஒலிக்கும். முதலில் செவிக்கு அயலாக இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் பாட்டின் ஓசை பிடிபட்டுவிடும்.

காணவிரும்புவோர் ஷொர்ணூர்ச் சந்திப்பில் இறங்கலாம். கூனத்தறையும் காவளப்பாறை ஆரியங்காவுக் கோயிலும் அருகிலேயே உள்ளன. ஆரியங்காவில் பூரத் திருவிழாவை ஒட்டி இருபத்தோர் இரவுக் கூத்து நடப்பது வழக்கம். மற்றக் கோயில்களின் நாட்கள் ஆண்டுதோறும் திருவிழாவுக்கேற்ப மாறுமாதலால், கூனத்தறையில் உள்ள பாவைக்கூத்து நிலையத்தாரைக் கேட்டறிந்து செல்லுதல் நலம். கூத்துத் தொடங்க இரவு ஒன்பது, பத்து மணியாகும். விரித்துக்கொள்ள ஒரு துண்டும், கையில் கம்பராமாயணத்தின் ஆரணிய காண்டமும் இருந்தால் போதும். பாடப்படும் செய்யுளை ஏட்டில் தேடிக் கண்டுபிடித்து, கூத்து இடைவெளி விடும் நேரத்தில் மாடத்தின் பின்புறம் சென்று அதைப்பற்றிப் புலவரை ஒரு கேள்வி கேளுங்கள். விடை விடியும் வரையில் நீளலாம்.